எந்தக் குழந்தைக்குப் பரிசோதனை?

எமது மகளுக்கு மூன்று வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எம்முடன் தங்கியிருந்த அம்மம்மா, ஒருநாட் காலை பிள்ளையை மடியிலே கிடத்தி, அவளுடைய கீழ்க்கண்மடலை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை வெளிறிப்போய்க் கிடக்குது. நீங்கள் ரண்டு பேரும் படிச்ச ஆக்கள். ஒருத்தரும் பார்க்கேல்லையோ?" என்று கேட்டார்.

நாம் பார்த்திருக்கவில்லை. நாள்தோறும் பார்க்கும் முகத்தில் நிறம் வடிந்து போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. சொன்ன பின்னர்தான் ஒவ்வொன்றாகத் தெரியலாயிற்று. படியேறும்போது பாதியிலே உட்கார்ந்துகொள்கிறாள். காரணமின்றிச் சிணுங்குகிறாள். பூச்சாடிக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோது பிடித்துப் பார்த்தால் வாய் நிறைய மண். குழந்தைகள் எல்லாரும் மண் தின்பவர்கள்தாமே என்று அதையும் சிரித்து விட்டிருந்தோம்.

அது 2022ஆம் ஆண்டின் ஆனி மாதம். எரிபொருளுக்கு வரிசை, சமையல் வாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை என்று நாடு முழுவதும் வீதியோரத்தில் நின்ற காலம். ஹட்டன் நகரின் குளிரில் விடியுமுன் எழுந்து போய் ஒரு பொட்டலம் பால்மாவுடன் திரும்பி வருவதை நாம் பெரிய வெற்றியாகக் கருதியிருந்தோம். வேறெது இல்லாவிட்டாலும் பிள்ளைக்குப் பால் இருக்கிறது என்ற நிம்மதி. சோற்றைத் துப்பினாலும் போத்தலை அவள் மறுப்பதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து போத்தல். அதனோடு, பெரியவர்கள் குடிக்கும்போது கேட்டு வாங்கும் சாயத் தேநீர் வேறு. இந்தக் கணக்கை அப்போது எவரும் எம்மிடம் கேட்கவில்லை. நாமும் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றிரவே வீட்டிலே இரண்டு கட்சிகள் உண்டாயின. எம்மில் ஒருவர், உடனே இரத்தத்தை எடுத்து எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்றார். மற்றவர், ஓடியாடித் திரிகிற பிள்ளையை எதற்காக ஊசியாற் குத்துவது என்றார். யார் எதைச் சொன்னார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஏனெனில் ஒரு வாரத்துக்குள் இருவரும் இடம் மாறிக்கொண்டோம்.

இரண்டு கட்சிக்கும் ஆதாரங்கள் இருந்தன. கொழும்பிலே எமது உறவினர் ஒருவர், ஐந்து வயது மகனின் சாதாரண வயிற்றுவலிக்காக ஆய்வுகூடம் ஒன்றின் முழுப் பரிசோதனைத் தொகுதியைச் செய்வித்தார். ஈரல் சம்பந்தமான ஓர் எண் எல்லையைச் சற்றே தாண்டியிருந்தது. அதை உறுதிப்படுத்த இன்னொரு தரம், அது குறைந்திருக்கவே, ஏன் குறைந்தது என்று அறிய மூன்றாம் தரம், பின்னர் ஸ்கான். ஈற்றில் நோய் ஒன்றுமில்லை என்றாயிற்று. ஆனால் வெள்ளைச் சட்டையைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்ளும் பழக்கம் மட்டும் அந்தப் பையனுக்கு மிஞ்சிற்று. மறுபுறத்தில், எமக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்தார், "எங்கட பரம்பரையே பிந்தித்தான் பேசும்" என்ற ஒரு வாக்கியத்தை நம்பி, பிள்ளைக்குக் காது கேளாதிருந்ததை நான்கு வயது வரை அறியாதிருந்தனர். ஒரே ஒரு செவிப்புலப் பரிசோதனை. அது செய்யப்படாமையால் அந்தப் பிள்ளை மொழியை இழந்த ஆண்டுகளை எவரும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

ஒரு மாலையில், தனியார் மருத்துவ நிலையம் ஒன்றிலே இலக்கம் எடுத்துக்கொண்டு காத்திருந்து வைத்தியரைக் கண்டோம். அவர் எம்முடன் கழித்த நேரம் நான்கு நிமிடம். பிள்ளையின் நிறை, காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்ற மூன்று கேள்விகள். பிறகு, அச்சடித்த தாள் ஒன்றை இழுத்துப் பன்னிரண்டு கட்டங்களுக்குள் அடையாளமிட்டார். ஈரல், சிறுநீரகம், தைரொயிட், விற்றமின் டி, உணவு ஒவ்வாமை, இன்னும் பல. ஆய்வுகூடம் அதே கட்டடத்தின் கீழ்மாடியில் இருந்தது. கட்டணம் எம்மில் ஒருவருடைய மாதச் சம்பளத்தின் பாதியை நெருங்கிற்று. அம்மம்மா இழுத்துப் பார்த்த கண்மடலை அவர் இழுத்துப் பார்க்கவில்லை.

அந்த வைத்தியர்மீது எமக்குப் பகைமை இல்லை. கதவுக்கு வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தனர். ஒரு தாயிடம் கால்மணி நேரம் பேச்சுக் கொடுத்து, பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்து, "ஒன்றும் தேவையில்லை, போய்வாருங்கள்" என்று சொல்வதற்கு அந்த அமைப்பிலே விலை வைக்கப்படவில்லை. அடையாளமிட்ட தாளுக்கு விலை உண்டு. பெற்றோரும் அதையே விரும்பி வருகின்றனர் என்பதையும் மறைக்கக் கூடாது. தாள் நிறையச் சோதனை எழுதுபவரையே நாமும் பலகாலம் கெட்டிக்கார வைத்தியர் என்று எண்ணியிருந்தோம்.

அன்றிரவு அந்தத் தாளை மேசையில் வைத்து எம்மில் கணிதம் கற்பிப்பவர் ஒரு கணக்குப் போட்டார். ஆய்வுகூட அறிக்கையின் ஓரத்தில் 'இயல்பான அளவு' என்று அச்சிடப்படுகிறதே, அது எப்படிக் கிடைக்கிறது? பெரும்பாலும், சுகதேகிகள் பலருடைய இரத்தத்தை அளந்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அடங்கும் எல்லையை எடுத்துக்கொள்கின்றனர். ஆகவே, ஒரு நோயுமற்ற குழந்தைகள் இருபது பேரை ஒரு சோதனைக்கு உட்படுத்தினால், அவர்களில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பது எதிர்பார்க்கத் தக்கதே. ஒன்றையொன்று சாராத பன்னிரண்டு சோதனைகளைச் செய்தால், முழுச் சுகத்தோடுள்ள குழந்தைக்கும் ஏதாவதொன்று பிழையாக வருவதற்கான சாத்தியம் நூற்றுக்கு நாற்பத்தாறு. ஏறக்குறையச் சரிபாதி. உறவினர் மகனின் ஈரல் எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இதை வைத்துக்கொண்டு பரிசோதனையே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. பிறந்த சிசுவின் குதிக்காலிலே குத்தி ஒரு துளி இரத்தத்தை எடுத்துத் தைரொயிட் குறைபாட்டைத் தேடுகிறார்களே, அது எல்லாக் குழந்தைகளுக்கும் வேண்டியது. அந்நோயின் குறிகள் கண்ணுக்குத் தெரியும் வரை பொறுத்திருந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டுவிடும். முன்னரே கண்டுகொண்டால் மலிவான ஒரு மாத்திரை பிள்ளையைக் காத்துவிடும். அத்தகைய இடத்தில் விவாதத்துக்கு இடமே இல்லை. எமது பிள்ளையின் விஷயம் அப்படிப்பட்டதன்று. அவளுடைய உடம்பு ஏற்கெனவே குறிகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அவற்றை வாசிக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

வாசிக்கத் தெரிந்தவரை அரசாங்க ஆஸ்பத்திரியின் குழந்தைகள் கிளினிக்கில் கண்டோம். காலை ஆறரைக்குப் போய் வாங்கில் உட்கார்ந்து, பதினொரு மணிக்கு முறை வந்தது. வைத்தியர் நடுத்தர வயதுப் பெண்மணி. தமிழைத் தட்டித்தடவிப் பேசும் சிங்களவர். முதலில் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கேட்டார். இந்நாட்டிலே 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு வளர்ந்து வந்த ஏற்பாட்டின் பயனாக, மருத்துவ மாது மாதந்தோறும் நிறுத்துப் புள்ளியிட்ட நிறைக்கோடு அதிலே இருந்தது. நாம் அதைத் தடுப்பூசித் திகதி பார்ப்பதற்கு மட்டுமே திறந்திருக்கிறோம். அவர் விரலால் அந்தக் கோட்டைத் தொடர்ந்து சென்று, ஒன்றரை வயதின் பின் அது தளர்ந்து சாய்ந்த இடத்தில் நிறுத்தினார்.

"இங்கே என்ன நடந்தது?"

தாய்ப்பால் நிறுத்தப்பட்டுப் போத்தல் தொடங்கிய காலம் அது.

அதன் பிறகு கேள்விகள். எத்தனை போத்தல்? தேநீர் உண்டா? முட்டை, மீன், நெத்தலி, கீரை, பருப்பு எவ்வளவு? மண் தின்கிறாளா? நீங்கள் இருவரும் நெருங்கிய சொந்தத்தில் முடித்தவர்களா? உங்கள் குடும்பங்களில் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் நோய் எவருக்கேனும் உண்டா? பிறகு கண்மடலை இழுத்துப் பார்த்தார். வயிற்றை இரு பக்கமும் அழுத்திப் பார்த்தார். "மண்ணீரல் பெருக்கவில்லை, நல்லது" என்றார். எல்லாமாகப் பன்னிரண்டு நிமிடம் இருக்கலாம். ஒரேயொரு சோதனை எழுதினார்: முழு இரத்தக் கணிப்பு.

தனியார் நிலையத்தின் தாளை எம்மில் ஒருவர் தயக்கத்தோடு நீட்டினார். அவர் அதை மேலிருந்து கீழாக வாசித்துவிட்டு எம்மைப் பார்த்துக் கேட்டார்: "இந்தச் சோதனை இப்படி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும், அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும்? இரண்டுக்கும் நான் செய்வது ஒன்றென்றால், பிள்ளையை ஏன் குத்த வேண்டும்?"

இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் பெரிட்டின் சோதனையாவது வேண்டாமா என்று கேட்டோம். எங்கோ வாசித்திருந்தோம். பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் வந்து ஒரு வாரமே ஆகியிருக்கிறது. காய்ச்சலும் அழற்சியும் இருக்கையில் அந்த அளவு தானாகவே உயர்ந்து காட்டும். இரும்பு இல்லாதவிடத்தும் இருப்பதாகச் சொல்லி ஏமாற்றும் என்றார். அதைவிட நல்ல சோதனை ஒன்றுண்டு: ஒரு மாதம் இரும்புச்சத்துப் பாணியைக் கொடுத்துப் பார்ப்பது. ஈமோகுளோபின் ஒரு கிராமுக்குக் குறையாமல் உயர்ந்தால், குறை இரும்பில்தான் இருந்தது என்பது தெளிவு. உயராவிட்டால் அப்போது தலசீமியா உண்டா என்று தேடுவோம். பாலை இரண்டு கோப்பையோடு நிறுத்துங்கள். ஒரு லீற்றர் பசுப்பாலில் அரை மில்லிகிராம் அளவு இரும்பே இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளையின் சாப்பாட்டிலே நாளொன்றுக்கு ஏழு மில்லிகிராம் இருக்க வேண்டும். பால் வயிற்றை நிரப்பிப் பசியைக் கொன்றுவிடுகிறது. தேநீர், இருக்கிற இரும்பையும் உடம்பிலே சேரவிடாமல் தடுக்கிறது.

விடியற்காலை வரிசைகளை நினைத்துக்கொண்டோம்.

இவ்வளவும் எமது கதை. இதனோடு முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

அன்று வாங்கிலே எமக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பெண் இருந்தார். மடியில் இரண்டரை வயது மதிக்கத்தக்க பையன். எமது மகளை வெளிறியவள் என்று சொன்னால் அந்தப் பிள்ளையை என்னவென்று சொல்வது? உதடும் உள்ளங்கையும் ஒரே நிறமாக இருந்தன. வயிறு முன்தள்ளியிருந்தது. நாலரை மணி நேரம் அருகருகே இருந்ததிலே பேச்சு வந்தது.

"டிஸ்பென்சரியில மூணு தடவ மருந்துத் தண்ணி குடுத்தாங்க. பூச்சி மாத்திரையும் குடுத்தாங்க. அப்படியேதாங்க இருக்கான்."

"இரத்தம் சோதித்தார்களா?"

"இல்லீங்க. பூச்சிதான்னு சொன்னாங்க."

பூச்சிதான் என்ற விடைக்குத் தோட்டங்களிலே நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியத்தின் துணையோடு 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. வெறுங்காலோடு மலையேறிக் கொழுந்து பறித்தவர்களின் குருதி அந்தப் புழுவால் உறிஞ்சப்பட்டது மெய். மருந்தும் மலகூடமும் பல உயிர்களைக் காத்தன என்பதும் மெய். சோகை பிடித்த கை குறைவாகப் பறிக்கும் என்பதைத் துரைமாரும் அறிந்திருந்தனர். ஆனால் அந்தக் காலத்து விடை இந்தக் காலத்துப் பிள்ளைக்கும் தானாகவே பொருந்திவிடுமா? நகரத்துப் பிள்ளைக்குக் கேளாமலே பன்னிரண்டு சோதனை எழுதப்படுகிறது; லயத்துப் பிள்ளைக்குச் சோதனையின்றியே விடை தயாராக இருக்கிறது. இரண்டு இடத்திலும் பிள்ளையை எவரும் பார்க்கவில்லை.

வைத்தியர் பார்த்தார். ஒரே அறையில் இரண்டு மேசைகள் என்பதால் நாமும் கண்டோம். பையனின் வயிற்றைத் தடவிக்கொண்டு போன கை இடது விலாவுக்குக் கீழே நின்றது. அகன்று, மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. தாயிடம் பல கேள்விகள் கேட்டார். அவர் எழுதிய துண்டு எம்முடையதைவிட ஒரு வரி நீளமாக இருந்தது.

அந்நாட்களில் நாட்டின் பல ஆஸ்பத்திரிகளைப் போலவே அங்கும் ஆய்வுகூடத்துக்கான இரசாயனங்கள் தட்டுப்பட்டிருந்தன. அவசர நோயாளருக்கு மட்டுமே செய்வதாகவும், ஏனையோர் வெளியே செய்துகொண்டு வரவேண்டுமென்றும், இயலாதவர்கள் வியாழக்கிழமை வந்து பார்க்கலாமென்றும் சாளரத்தில் இருந்தவர் சொன்னார். வைத்தியர் பையனை வார்ட்டிலே சேர்க்கச் சொல்லியிருந்தார். வீட்டிலே மூத்த பெண் பிள்ளை தனியே இருக்கிறாள், சொல்லிவிட்டு வரவில்லை, வியாழக்கிழமை வந்துவிடுகிறேன் என்று தாய் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாராம். வியாழக்கிழமை என்றால் இன்னொரு பேர் போகும். பஸ் ஓடுமா என்பதும் நிச்சயமில்லை. அவர் துண்டை நான்காக மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

நாம் துண்டோடு வீதியைக் கடந்து தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனோம். இரண்டு மில்லிலீற்றர் இரத்தம். பிள்ளை ஊரைக் கூட்டினாள். அரைமணி நேரத்தில் மறந்தாள். பன்னிரண்டு சோதனைக்காக எடுத்து வைத்திருந்த பணம் கடித உறையோடு சட்டைப்பையிலே இருந்தது. ஒன்றுக்குத்தான் செலவாயிற்று. மிகுதி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அந்தத் தாயைக் கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் இருவருக்கும் பஸ் நிலையத்திலேயே வந்தது என்பதைப் பல நாட்களின் பின்னர்தான் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டோம். தானம் கொடுத்து அவரைக் கூசச் செய்யக் கூடாது என்று அப்போது எமக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். நல்ல சமாதானம்தான். அந்தப் பையனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எமது மகளின் ஈமோகுளோபின் 9.1 என்று வந்தது. இந்த வயதிலே பதினொன்றுக்குக் குறைந்தால் குருதிச்சோகை. செங்குழியங்கள் சிறுத்திருந்தன. இரும்புச்சத்துப் பாணியைத் தோடம்பழச் சாற்றோடு கொடுத்தோம். மலம் கறுத்ததைக் கண்டு ஒருநாள் பயந்து, வைத்தியர் முன்கூட்டியே சொன்னதை நினைத்துத் தேறினோம். போத்தலை மறக்கச் செய்தது அம்மம்மாவின் சாதனை. நெத்தலியை வறுத்து இடித்துச் சோற்றிலே பிசைந்து, காகத்தையும் கிளியையும் சாட்சிக்கு அழைத்து ஊட்டினார். ஒரு மாதத்தில் 10.7. பூச்சாடி மண் தானாகவே மறக்கப்பட்டது. வேறொன்றும் பார்க்கத் தேவையில்லையா என்று கேட்டபோது வைத்தியர் சிரித்து, பாணியை இன்னும் இரண்டு மாதம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

அந்த மறு கிளினிக்கில் தோட்டத்துப் பெண்ணைத் தேடினோம், காணவில்லை. எம்மில் ஒருவருடைய வகுப்பிலே அதே தோட்டத்து மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் மூலம் விசாரித்ததில் மெல்ல மெல்லச் செய்தி வந்தது. வியாழக்கிழமை பஸ் ஓடவில்லை. அடுத்த வாரம் தாய்க்குக் காய்ச்சல். பிறகு, பையன் கொஞ்சம் தெளிவாக இருக்கிறான் என்று தோன்றியதால் விட்டுவிட்டார்கள். தீபாவளிக்குப் பின் காய்ச்சல் கண்டு மூச்சு வாங்கியபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண்டிக்கு அனுப்பப்பட்டு அங்கே உரிய சோதனை நடந்தது. தலசீமியா. ஆனி மாதத்திலே அந்தக் கை விலாவுக்குக் கீழே நின்று சந்தேகித்ததை உறுதிப்படுத்த ஐந்து மாதங்கள் சென்றன. இரும்புச்சத்துப் பாணி இந்த நோயைத் தீர்க்காது. மாதந்தோறும் இரத்தம் ஏற்றும்போது உடம்பிலே மிகையாகச் சேரும் இரும்பை வெளியேற்றத்தான் அவர்களுக்கு மருந்து கொடுக்கிறார்கள்.

மறு வருடம் மாசியிலே ஒருநாள், கண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அந்தத் தாயைக் கண்டோம். பையன் மடியிலே நித்திரை. இரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். கன்னத்திலே நிறம் இருந்தது. அவர் எம்மை அடையாளம் கண்டு, "அந்தப் பாப்பா சொகமா?" என்று முதலிலே கேட்டார். பிறகு பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். அவருடையதும் கணவருடையதும். எல்லாம் ஆங்கிலம். இந்நாட்டிலே சிங்களத் தாய்க்கும் விளங்காத, தமிழ்த் தாய்க்கும் விளங்காத மொழியிலேதான் பிள்ளையின் இரத்தம் இன்றும் பேசுகிறது.

"இதுல என்னாங்க எழுதியிருக்கு? எங்க ரெண்டு பேருக்கும் இருக்குன்னாங்க. அப்ப நாங்கதான் இவனுக்குக் குடுத்தோமா?"

இருவரும் நோயாளிகள் அல்லர், நோயின் ஒரு பாதியைத் தெரியாமலே சுமப்பவர்கள். இரண்டு பாதியும் ஒரு பிள்ளையிலே சேர்ந்துவிட்டால் இப்படி வரும். அவ்வாறு சேர ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இதில் எவர் குற்றமும் இல்லை என்று எமக்குத் தெரிந்த அளவில் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மூத்தவளுக்கும் பாக்கணுமா? அவ நல்லாத்தாங்க இருக்கா. ஏழு வயசு. ஓடுறா, ஆடுறா. சும்மா இருக்கிற புள்ளையப் போய்க் குத்தணுமா?"

ஏழு மாதங்களுக்கு முன் எமது வீட்டிலே இரண்டு கட்சியாக நின்று விவாதித்த அதே கேள்வி. எம்மில் ஒருவர் வாய் திறந்து, மூடிக்கொண்டார். நல்லாயிருக்கிற பிள்ளைக்கு இது அவசரமில்லை. ஆனால் அவளும் பாதியைச் சுமக்கிறாளா என்பது கலியாணத்துக்கு முன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. இப்போதா, வளர்ந்த பிறகா என்று அடுத்த முறை வைத்தியரிடமே கேளுங்கள், அவர் சொல்லும் காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றோம்.

"மறந்து போவும். எழுதிக் குடுங்க" என்றார்.

பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் இடம் போதவில்லை. கொப்பித் தாளொன்றைக் கிழித்து, அவருடைய கேள்வியை அவர் கேட்ட சொற்களிலேயே தமிழில் எழுதி, கீழே வைத்தியருக்காகச் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தோம். அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். நான்காக மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்தார். தோட்டத்துச் சந்தியில் பஸ் நின்றதும் பையனைத் தோளிலே போட்டுக்கொண்டு இறங்கினார்.